பார்ட்டி சொன்னபடி

வலது முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டு ஜெபதாஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளே இருந்த இரண்டு பிரேக் பேடுகளையும் திருப்புளியால் நெம்பி எடுத்துத் தரையில் போட்டார். விழுந்த சத்தத்திலேயே டிரைவர் மத்தியாசுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெறும் இரும்பு விழுந்த சத்தம் அது. மேலே ஒட்டியிருக்க வேண்டிய கறுத்த பகுதி ஒரு பேடில் நகத்தின் கனம்தான் மிச்சம் இருந்தது. மற்றதில் அதுவும் இல்லை.

"இந்த பிரேக்கயா சவுட்டிக்கிட்டு மலையிறங்கின?" என்றார் ஜெபதாஸ்.

மத்தியாஸ் ஒரு பேடைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மூன்று வாரமாக அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான், கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. ஜெபதாஸ் டார்ச் அடித்து டிஸ்கைக் காட்டினார். கண்ணாடி போல இருக்க வேண்டிய இரும்புத் தட்டில் வட்டம் வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. விரல் வைத்தால் தட்டுப்பட்டது.

வண்டி ஆறு வருஷம் ஓடிய வெள்ளை இண்டிகா. மத்தியாசுடையது அல்ல. பூதப்பாண்டியில் வயலும் வீடுமாக வசதியாக இருக்கிற கோலப்பனுடையது. கோலப்பனுக்கு இப்படி மூன்று கார்கள் ஒப்பந்தத்தில் ஓடின. இந்தக் காரின் வேலை, காலையில் தக்கலையிலிருந்து நான்கு டீச்சர்மாரை ஏற்றி, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணையைத் தாண்டி மேலே ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்தில் விடுவது. சாயங்காலம் திரும்பக் கொண்டு வந்து சேர்ப்பது. ஏறும்போது ஒரு கவலையும் இல்லை. இறங்கும்போது பதினோரு வளைவு. அதில் நான்கு வளைவுகளில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

முதலில் கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. பிறகு அது தேங்காய் துருவுகிற சத்தமாக மாறியது. முன்சீட்டில் உட்காருகிற எலிசா டீச்சர், கணக்கு எடுப்பவர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறவர், "இது என்ன மத்தியாசே, இறங்கும்போ ஒரு அலறல்" என்று தினமும் கேட்டார். மத்தியாஸ் தினமும் கோலப்பனிடம் சொன்னான். கடைசியில் டீச்சர் பள்ளி மேனேஜரிடம் சொல்ல, மேனேஜர் கோலப்பனிடம் சொல்ல, நேற்று ராத்திரி கோலப்பன் கூப்பிட்டு, நாளைக்கே ஒர்க்‌ஷாப்பில் விட்டுச் சத்தம் வராமல் பார்த்துக்கொள் என்றார். பிரேக்கு என்ற வார்த்தை அந்தப் பேச்சில் வரவில்லை.

அதனால்தான் டீச்சர்மாரைப் பள்ளியில் விட்ட கையோடு, கியரிலேயே உருட்டிக்கொண்டு குலசேகரத்தில் ஜெபதாசின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தான். மணி பத்தரை. மூன்றரைக்கு மறுபடி பள்ளியில் போய் நிற்க வேண்டும்.

ஜெபதாஸ் எதிரே உள்ள ஸ்பேர் கடைக்குப் போய் மூன்று பெட்டிகளோடு வந்தார். பெஞ்சில் கிடந்த சாமான்களை ஒதுக்கிவிட்டு வரிசையாக வைத்தார். வெள்ளைப் பெட்டி ஆயிரத்து நூற்றைம்பது. நீலப் பெட்டி அறுநூறு. மஞ்சள் பெட்டி இருநூற்று எண்பது. மஞ்சளில் கம்பெனி பெயர் என்று எதுவும் இல்லை, ஒரு காரின் படம் மட்டும் இருந்தது. அதுவும் இந்தக் கார் இல்லை.

வெள்ளை கடைசி வரை ஒரே மாதிரிப் பிடிக்கும், மலைக்கு அதுதான் என்றார். நீலமும் மோசமில்லை, சமதளத்தில் தாராளமாக ஓட்டலாம், மலைக்குக் கவனமாக ஓட்டினால் தாக்குப் பிடிக்கும். மஞ்சளை அவர் கையில் எடுக்கவே இல்லை. திருப்புளி நுனியால் தள்ளிவிட்டு, "சந்தைக்குப் போயிட்டு வார வண்டிக்கு இது கொள்ளாம். நாலு பேர இருத்திக்கிட்டு மலையிறங்க கொள்ளாது. சூடான உடனே பிடி விட்டிரும்" என்றார்.

"போன தடவ இதானே போட்டோம்."

"போட்டோம். அதுக்க லெட்சணத்த இப்ப பாத்தியே."

மத்தியாஸ் கோலப்பனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். அதுதான் வழக்கம். அவர் திரும்பக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும், இரண்டாவது மிஸ்டு கால் கொடுத்தால் அவருக்குப் பிடிக்காது. ஜெபதாஸ் இடது சக்கரத்தையும் கழற்றினார். அந்தப் பக்கமும் அதே கதை. கோடு விழுந்த டிஸ்குகளை எமரி தாளால் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தால் போகிற கோடுகள் இல்லை, ஆனாலும் தேய்த்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து போன் வந்தது. கோலப்பன் சத்தம் போடுகிற முதலாளி அல்ல. அவரிடம் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். மத்தியாஸ் மூன்று பெட்டிகளைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். போன தடவை எவ்வளவுக்குப் போட்டது என்று விசாரித்தார். இருநூற்று எண்பது என்றான். எத்தனை மாசம் ஓடியது என்றார். எட்டு மாசம்தான் மொதலாளி, என்றான் மத்தியாஸ். எட்டு மாசம் ஓடிச்சா, அப்ப நல்ல சாதனம்தானே, என்றார் அவர்.

மலைக்கு அது ஆகாது என்று மெக்கானிக் சொல்கிறார் என்பதை மத்தியாஸ் மறுபடியும் விளக்கினான். எதிர்ப்பக்கம் யாரோ உரம் இறக்குகிற சத்தம் கேட்டது.

"எனக்கு அதப் பத்தியெல்லாம் என்ன தெரியும் மக்கா?" என்றார் கோலப்பன். "வண்டி ஓட்டுகவன் நீ. நீயே பாத்து செய்யி."

போனை வைத்துவிட்டார்.

நீயே பாத்து செய்யி. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது. மத்தியாஸ் இதை நம்பி ஒரு தடவை கெட்டிருந்தான். சித்திரையில் பின்டயர் ஒன்று நூல் தெரிய ஆரம்பித்தபோது இதே பேச்சுதான். பார்த்தான், நல்ல டயராகப் போட்டான். கோலப்பன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாசக் கடைசியில் சம்பளத்தில் எழுநூறு குறைந்திருந்தது. அது போகட்டும். தக்கலை ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவனைப் பார்த்து, டயர் கடையில உனக்கு எத்தன சதவீதம்டே, என்று சிரித்தபோதுதான் அவர் என்ன நினைத்திருக்கிறார், யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார் என்பது தெரிந்தது. ஸ்பேர் கடைகளில் டிரைவர்களுக்குக் கமிஷன் உண்டு என்பது ஊர் அறிந்த விஷயம். விலை கூடின சாமான் என்றால் கமிஷனும் கூடும். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மத்தியாஸ் வாங்கியதில்லை. வாங்காததற்கு எந்தக் கடையிலும் சீட்டு எழுதித் தருவதில்லை.

அவன் டீக்கடைக்குப் போய் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வந்தான். வரும்போது ஒரு முடிவோடு வந்தான். நேராகப் போய் வெள்ளைப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். கனமாக இருந்தது. வீட்டில் மனைவி குளோரியிடம் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம், ஒரு மாசம் இறுக்கிப் பிடித்தால் போகிறது. ஒர்க்‌ஷாப் போனிலிருந்தே கோலப்பனைக் கூப்பிட்டான். மிஸ்டு காலுக்கு இப்போது நேரமில்லை.

"மொதலாளி, வெள்ளப் பெட்டியே போடுகேன். கூடுத பைசாவ எனக்க சம்பளத்துல பிடிச்சுக்கிடுங்க."

இதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்பியிருந்தான். எதிர்ப்பக்கம் கோலப்பன் சிரிக்கிற சத்தம் கேட்டது. கெட்ட சிரிப்பு இல்லை, வீட்டில் பிள்ளைகளிடம் சிரிப்பது போலத்தான் இருந்தது.

"எதுக்குலே? ஒனக்குக் கடைக்காரன் அத திருப்பித் தந்திருவானா?"

மத்தியாசுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. அப்படியெல்லாம் இல்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல அது பொய் சொல்கிறவனின் பேச்சு மாதிரியே அவனுக்கே கேட்டது. கோலப்பன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"கடலுக்குப் பயந்து கரையேறின ஆளு நீ. இப்ப மலைக்கும் பயமா இருக்கா? இருந்தா சொல்லு மக்கா, ஒளிக்காண்டாம். ஷைஜு வீட்ல சும்மாதான் நிக்கான்."

கடலுக்குப் பயந்தது உண்மைதான். மத்தியாஸ் இனயத்துக்காரன். அப்பன், சித்தப்பன், அண்ணன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவனுக்கு மட்டும் கரை மறைந்ததும் குடல் வாய்க்கு வந்துவிடும். நான்கு வருஷம் முயன்று பார்த்துவிட்டு, ஊரே கேலி பண்ண, ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோலப்பன் அன்பாக விசாரித்தபோது இதை அவனே சொல்லியிருந்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஷைஜு கோலப்பனின் இன்னொரு காரை எப்போதாவது ஓட்டுகிறவன். இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்டரில் போட்டுவிட்டு, இன்று இவ்வளவு டீசல் மிச்சம் பிடித்தேன் என்று முதலாளியிடம் கணக்குச் சொல்லிப் பேர் வாங்குகிற ஆள். மத்தியாஸ் முடியாது என்று சொன்னால் வேலை போவது ஒரு பக்கம். நாளைக்கு இதே மஞ்சள் பெட்டியோடு அந்தப் பயல் நான்கு டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு நியூட்டரில் இறங்குவான்.

"பயமெல்லாம் இல்ல மொதலாளி" என்றான்.

"பெறவென்ன. பாத்து செய்யி."

ஜெபதாஸ் எமரி தாளைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மேஜை டிராயரிலிருந்து பில் புத்தகத்தை எடுத்தார். போன வருஷம் ஒரு ஜீப்காரருக்கு அவர் சொன்னபடியே விலை குறைந்த பேடு போட்டுக் கொடுத்து, அந்த ஜீப் ஒரு மதிலில் போய் இடித்து, மெக்கானிக் போட்டதுதான் மோசம் என்று ஜீப்காரர் எழுதிக் கொடுக்க, ஜெபதாஸ் இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். அவர் வேண்டாம் என்கிற சாமானை வண்டிக்காரர் போடச் சொன்னால் பில்லில் 'பார்ட்டி சொன்னபடி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். தெரிந்தவன், தெரியாதவன் என்று பார்ப்பதில்லை. மத்தியாசை அவருக்குப் பத்து வருஷமாகத் தெரியும்.

"பார்ட்டி நான் இல்லியேண்ணே" என்றான் மத்தியாஸ்.

"பெறவு ஆரு?"

"மொதலாளி பேர எழுதுங்க."

"அவரு எங்கிட்ட மஞ்சள் போடச் சொன்னாரா? ஒங்கிட்டயாவது சொன்னாரா?"

மத்தியாஸ் யோசித்துப் பார்த்தான். இரண்டு தடவை பேசியதில் மஞ்சள் போடு என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெள்ளை போடாதே என்றும் சொல்லவில்லை.

ஜெபதாஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு தாமே கோலப்பனின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சில் வைத்தார். எண்ணெய்க் கையால் போனைத் தொடாமல் குனிந்து பேசினார். மூன்று வகை இருக்கிறது, வண்டி மலைக்குப் போகிற வண்டி, எதைப் போடட்டும் என்று ஒரே மூச்சில் கேட்டார். அவருக்கும் இந்த விஷயத்தில் மத்தியாசைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

"வண்டி ஓட்டுகது அவன், மேஸ்திரி" என்றது கோலப்பனின் குரல். "அவன் எதச் சொல்லுகானோ அதப் போடும். நான் அதுல தலையிடமாட்டேன்."

போன் அணைந்தது. இரண்டு பேரும் மூன்று பெட்டிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று ஸ்டாண்டு போடாமல் சாய்ந்து விழுந்தது, யாரோ ஓடிப் போய்த் தூக்கினார்கள். ஜெபதாஸ் மத்தியாசின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சொல்லு மக்கா. எது?"

நீலம் என்று சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தான். முந்நூற்று இருபது ரூபாய்தான் கூடுதல். அந்த முந்நூற்று இருபதுக்கும் கமிஷன் என்ற பெயர்தான் வரும். ஷைஜு வீட்டில் சும்மாதான் நிற்கிறான்.

"மஞ்சளே போடுங்கண்ணே."

சொன்னது அவன் வாய்தான். ஜெபதாஸ் எழுதினார். கார்பன் தாளைச் சரி பண்ணி, அழுத்தி எழுதினார். பேனாவை நீட்டினார். அடியில் பார்ட்டி கையொப்பம் என்று அச்சடித்திருந்த இடத்தில் மத்தியாஸ் முழுப்பெயரையும் எழுதினான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட உருட்டு எழுத்து, எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ரோட்டில் நூறு மீட்டர் ஓட்டிப் பிரேக்கைச் சவுட்டிப் பார்த்தார்கள். வண்டி நின்றது. சத்தம் இல்லை. புதுப் பேடு எதுவாக இருந்தாலும் முதல் நாள் நிற்கும், என்றார் ஜெபதாஸ். பிறகு ஜன்னலில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இறக்கத்துல செகண்டுலயே வா. தொடர்ந்து சவுட்டாத. சூடானா முதல்ல நாறும், பெறவு பிடி விடும். நாறினா ஓரமா நிறுத்தி ஆற விட்டிரு."

"நாலு டீச்சர்மார இருத்திக்கிட்டு எங்கண்ணே நிறுத்த? என்ன சொல்லி நிறுத்த?"

ஜெபதாஸ் காரின் மேல்கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் இல்லை. அதுவாவது இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் விடும்போது மழை பிடித்துக்கொண்டது. டீச்சர்மார் நான்கு பேரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினார்கள். குடைகளைக் காலடியில் போட்டார்கள். கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்தது. கால் மணி நேரம் அடித்துவிட்டு, அணைக்கு மேலே உள்ள முதல் வளைவுக்கு வரும்போது மழை அடியோடு நின்றுவிட்டது. ரப்பர் மரங்களுக்கு இடையில் வெயில்கூட எட்டிப் பார்த்தது. டீச்சர்மார் ஒவ்வொருவராகக் கண்ணாடிகளை இறக்கிவிட்டார்கள். குளிர்ந்த காற்று வந்தது.

முதல் வளைவில் மத்தியாஸ் செகண்ட் கியரில் வைத்து, பட்டும் படாமல் சவுட்டினான். வண்டி சத்தமே போடாமல் திரும்பியது.

"அப்பாடி" என்றார் எலிசா டீச்சர். "சத்தம் போச்சு. மூணு வாரமா நான் இந்த இடத்துல கண்ண மூடிக்கிட்டு ஜெபம் சொல்லுவேன், தெரியுமா உனக்கு?"

தெரியும் டீச்சர், என்றான் மத்தியாஸ். பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து இந்த இறக்கத்தில் அவன் கேட்டு வெகுநாளாகிவிட்டது. டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து அவனுக்குக் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மத்தியானம் ஒனக்க மொதலாளிக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லிட்டேன். நல்ல மனுஷன் பாத்துக்கோ. டீச்சர்மார் போற வண்டி, விலையப் பாக்காண்டாம், ஒனக்க விருப்பம்போல நல்லதாப் பாத்துப் போடுன்னு டிரைவருட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரு."

மத்தியாஸ் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வது? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் டீச்சர் மேனேஜரிடம் சொல்வார், மேனேஜர் கோலப்பனிடம் கேட்பார், கோலப்பன் பில்லைக் காட்டுவார். அதில் முழுப்பெயரும் இருக்கிறது. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

ஐந்தாவது வளைவு தாண்டியதும் பின்னால் ஒரு அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இவ்வளவு மெதுவாகப் போகிறானே என்ற எரிச்சல் அந்த ஹாரனில் தெரிந்தது. ஒதுங்க இடமில்லை. எலிசா டீச்சர் தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டார். குலசேகரம் வந்தால் எழுப்பு மத்தியாசே, இன்னைக்குத்தான் நிம்மதியா ஒரு கண்ணு அசரப் போறேன், என்றார். பின்சீட்டில் ஒருவர் ஏற்கெனவே தூங்கியிருந்தார். மற்ற இருவரும் பரீட்சைத் தாள் திருத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எட்டாவது வளைவில் பெடல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. அவன் காலுக்கு மட்டும் தெரிகிற வித்தியாசம். ஹேண்ட் பிரேக்கைச் சத்தமில்லாமல் அரைக்கு இழுத்துப் பிடித்தான். இன்னும் மூன்று வளைவு. இடது பக்கம் பாறை முடிந்து, ரப்பர் மரங்களின் தலைகள் ரோட்டுக்குக் கீழே தெரிந்தன. அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. எரிந்த செருப்பின் நாற்றம், இடது சக்கரத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

பின்சீட்டில் பேச்சு நின்றது. "என்னமோ கரியுது, இல்ல?" என்று ஒரு டீச்சர் கேட்டார். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. எலிசா டீச்சர் கண்ணைத் திறக்காமல் மூக்கை மட்டும் சுளித்தார்.

"பக்கத்துல ரப்பர் ஷீட்டு புகைக்கிற இடம் உண்டு டீச்சர்" என்றான் மத்தியாஸ். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "கண்ணாடிய ஏத்திருங்க. சாரல் அடிக்குது."

நான்கு பேரும் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்கள். மழை நின்று அரை மணி நேரமாகியிருந்தது.